அஞ்சினான் புகலிடம்: தோட்டத்தில் ஒரு தேனீ இல்லம்

(மகாவீர் ஜெயந்தி விழாவின் மாலை அமர்வில், ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அருகன் திருவடி போற்றி!



34 ஆண்டுகள் வகுப்பறையில் தமிழ் கற்பித்தவள் நான். இம்மேடையில் இதற்கு முன் இருமுறை பேசியிருக்கிறேன். இரண்டும் இலக்கியப் பொருள். இம்முறை 'இல்லறத்தாரும் உயிரிரக்கமும்' என்று தலைப்புத் தந்தீர்கள். சிந்தாமணியையோ நீலகேசியையோ கையில் ஏந்தி வருவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். நான் கொண்டு வந்திருப்பது இதோ, ஒரு சாணுக்கும் சற்றுக் குறைந்த மூங்கில் குழல். ஒரு முனை திறந்திருக்கிறது. மறுமுனையைக் கணு அடைத்திருக்கிறது. இன்றைய என் உரைக்கு இதுவே ஏடு.

ஈராண்டுக்கு முன் கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் மகள்வழிப் பேரன், "பாட்டி, நம் தோட்டத்தில் தேனீக்கு ஒரு வீடு கட்டலாமா?" என்று கேட்டான். நான் சற்றும் யோசியாமல், "நாம் தேன் உண்ணாத குடும்பம் அப்பா. நமக்கு எதற்குத் தேனீ வீடு?" என்றேன். அவன் என் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "தேன் எடுப்பதற்காகத்தான் வீடு கட்ட வேண்டுமா, பாட்டி?" என்றான்.

எத்தனையோ மாணவர்களை வினாக் கேட்டு மடக்கியவள் அன்று வாயடைத்துப் போனேன். அவ்வினாவுக்கு நான் தேடிய விடையை, அத்தேட்டத்தில் நான் செய்த ஒரு பிழையோடு சேர்த்து, நம் மும்மணிகளின் வரிசையிலேயே உங்கள் முன் வைக்கிறேன்.

நற்காட்சி

முதலில் தேனீயை நம் முன்னோர் எவ்வாறு கண்டனர் என்று பார்ப்போம். தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுக்கும். நண்டையும் தும்பியையும் நான்கறிவு உடையனவாக வைக்கும். உமாசுவாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரமோ புழு, எறும்பு, வண்டு, மனிதர் என நான்கு சான்றுகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறி கூடுதல் என்று கூறும். எறும்புக்குக் கூறாத நான்காம் பொறியாகிய கண்ணை அந்நூல் வண்டுக்குக் கூறும். அக்கண்ணின் ஆற்றலைப் பிற்காலத்தில் ஆய்ந்து, தேனீக்கள் நிறம் காண்பன என்று நிறுவியவர் கார்ல் வான் ஃபிரிஷ் என்னும் அறிஞர். 1973இல் நோபல் பரிசு பெற்றவர். நமக்குப் புலனாகாத புற ஊதா ஒளியும் தேனீக்குப் புலனாகும். நாம் வெறும் மஞ்சளாகக் காணும் பூவில் நமக்குத் தெரியாத கோலங்களை அது காண்கிறது.

இத்தகைய உயிரின் உணவை நாம் கவரலாகாது என்பது நம் இல்லறத்தார் நெறி. காஞ்சி மாநகரோடு மரபு இணைத்துப் போற்றும் சமந்தபத்திர ஆசாரியர், இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இல்லறத்தார்க்கு எட்டு மூலகுணங்களை வகுத்தார். ஐந்து அணுவிரதங்களோடு கள், ஊன், தேன் ஆகிய மூன்றையும் விலக்குதலே அவ்வெட்டு. அந்நூலின் வழிவந்த தமிழ் நூலே நம் வீடுகளில் ஓதப்பெறும் அருங்கலச்செப்பு. கள்ளும் ஊனும் விலக்குதற்குரியன என்பது பிறர்க்கும் எளிதில் விளங்கும். தேனையும் அவற்றோடு ஒரு வரிசையில் வைத்தது நம் ஆசாரியர்களின் நுண்ணிய பார்வை.

இப்பார்வை தமிழ்க் காப்பியத்தில் நடமாடும் இடம் ஒன்று உண்டு. சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில், கோவலனும் கண்ணகியும் மதுரை நோக்கிப் புறப்படுகின்றனர். வழித்துணையாக வரும் சமணத் துறவி கவுந்தியடிகள் வழியின் அருமையைக் கூறுகிறார். கள்வரைப் பற்றியோ கொடுவிலங்குகளைப் பற்றியோ அவர் எச்சரிப்பார் என நாம் நினைப்போம். அவர் சொல்வது வேறு. வயல்வழியே சென்றால், கரும்பில் கட்டிய தேனடை சிதைந்து பொய்கை நீரில் கலந்திருக்கும்; நீர்வேட்கையால் கண்ணகி அறியாமல் அந்நீரைக் கையால் அள்ளிப் பருகிவிடவும் கூடும் என்கிறார். பறித்துப் போட்ட குவளைப் பூக்களில் வண்டுகள் பொருந்திக் கிடக்கும். நடந்த களைப்பில் அறியாது அவற்றின்மேல் அடிவைத்துவிடவும் கூடும் என்கிறார். நண்டுக்கும் நத்தைக்கும் அவ்வாறே அஞ்சுகிறார்.

இப்பகுதியை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். 'கவுந்தியடிகளின் கொல்லாமை உணர்வினை விளக்குக' என்று வினாத்தாளிலும் கேட்டிருக்கிறேன். ஆயினும் பேரன் கேட்ட பிறகுதான் என் உள்ளத்தில் ஒன்று தைத்தது. அடிகள் விலகி நடக்கச் சொன்னார்; அவர் காலத்தில் அதுவே போதுமானதாக இருந்தது. அவர் விலகிச் சென்ற இடத்தில் வண்டு வாழ இடமிருந்தது. நம் தெருக்களில் அவ்விடம் எங்கே? என் இளமையில் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீடுகளில் மண்சுவர் இருந்தது. மூங்கில் வாரையின்மேல் நாட்டு ஓடு இருந்தது. கொல்லையில் பட்டுப்போன கிளையோடு ஒரு பூவரசு நின்றது. அவற்றின் துளைகளிலும் விரிசல்களிலும் எத்தனையோ சிற்றுயிர்கள் குடியிருந்தன. இன்று சிமெண்டுச் சுவரில் துளை இல்லை. தளம் போட்ட முற்றத்தில் மண் இல்லை. பட்ட கிளையை அழகில்லை என்று வெட்டிவிடுகிறோம். ஓர் உயிரையும் நாம் கையால் அடிக்கவில்லை. ஆனால் அவற்றின் வீட்டை எடுத்துவிட்டோம். எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதும் கொல்லாமையின் ஒரு பகுதியே என்பது அன்று எனக்குத் தோன்றிய காட்சி.

நன்ஞானம்

அடுத்து, யாருக்கு வீடு கட்டுகிறோம் என்பதை அறிதல் வேண்டும். தேனீ என்றவுடன் நம் நினைவுக்கு வருவன மலைத்தேனீ, கொம்புத்தேனீ, பொந்துகளில் வாழும் அடுக்குத்தேனீ, கொசுத்தேனீ ஆகியவை. இவை கூட்டமாக வாழ்ந்து தேனைச் சேமிப்பவை. பொந்துத் தேனீக்களை மரப்பெட்டியில் வளர்ப்பது ஒரு தொழில். தென்னாட்டில் 1910ஆம் ஆண்டையொட்டி நியூட்டன் பாதிரியார் வடிவமைத்த பெட்டி, இன்றும் நியூட்டன் பெட்டி என்றே வழங்குகிறது. அத்தொழிலால் பிழைப்போரை நான் குறைகூற வரவில்லை. ஆனால் நான் சொல்லும் வீடு அப்பெட்டியன்று.

உலகில் இதுவரை அறியப்பட்ட தேனீ இனங்கள் 20,000க்கும் மேற்பட்டவை. அவற்றுள் பெரும்பாலானவை தனித்து வாழ்பவை. அவற்றுக்கு அரசி இல்லை, படை இல்லை, தேனடை இல்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் தானே தாய், தானே கொத்தன், தானே செவிலி. காக்கவேண்டிய கருவூலம் இல்லாமையால் அது நம்மைத் துரத்திக் கொட்டுவதும் இல்லை. கைக்குள் வைத்து அழுத்தினாலன்றித் தீங்கு செய்யாது. ஈயாதவன் ஈட்டிய செல்வம் பிறர் கைக்குப் போகும் என்பதற்குத் தேனீ சேர்த்த தேனைச் சான்றாகக் காட்டும் நாலடியார். இத்தனித் தேனீயோ ஈட்டி வைப்பதே இல்லை. தன் பிள்ளைக்கு வேண்டிய அளவே சேர்க்கிறது. அபரிக்கிரகம் என்னும் விரதத்தை யாரும் கற்பிக்காமலே கைக்கொண்ட உயிர்!

இவற்றுள் நம் தோட்டங்களில் எளிதில் காணத்தக்கது இலைவெட்டித் தேனீ. ரோஜா, துவரை, காகிதப்பூ ஆகியவற்றின் இலையோரத்தில் கத்தரியால் வெட்டினாற்போல் வட்ட வட்டமாகத் துண்டுகள் போயிருப்பதைக் கண்டிருப்பீர்கள். பூச்சி அரித்துவிட்டது என்று மருந்து தெளிக்க ஓடாதீர்கள். அது அரிப்பதில்லை; வீட்டுக்கு ஓலை கொண்டு போகிறது. மூங்கில் துளை போன்ற ஓரிடம் கிடைத்தால், தறியில் நாடா போய் வருவதுபோல் இடையறாது போய் வந்து, இலைத்துண்டுகளைச் சுருட்டி ஒரு கிண்ணம் செய்யும். அதில் மகரந்தமும் பூந்தேனும் பிசைந்த உணவை வைக்கும். அதன்மேல் ஒரே ஒரு முட்டையிடும். இலை வட்டத்தால் மூடும். அதன் முன்னே அடுத்த அறையைத் தொடங்கும். குழல் நிறைந்ததும் வாயிலை அடைத்துவிட்டுப் போய்விடும். பெரும்பாலும் தன் பிள்ளைகளின் முகத்தை அது காண்பதில்லை.

இன்னொரு விருந்தினர், பளபளக்கும் கருநிறத்துப் பெரிய தச்சுத் தேனீ. முருங்கைப் பூவையும் ஆவாரம் பூவையும் நாடி வரும். மற்றொன்று நீலப்பட்டைத் தேனீ; இது மண்சுவரிலும் தரையிலும் வளை தோண்டும். தக்காளிப் பூவின் மகரந்தப்பை நுனித்துளை வழியே மட்டுமே தூளை உதிர்க்கும். தச்சுத் தேனீயும் நீலப்பட்டைத் தேனீயும் அப்பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்து தூளை உதிர்க்கும். தேன் சேர்க்கும் தேனீக்களுக்கு இவ்வித்தை கைவராது. துவரையில் அயல்மகரந்தச் சேர்க்கை நிகழப் பெரிதும் துணைபுரிவன இலைவெட்டித் தேனீக்களே. தேன் உண்ணாத நம் வீட்டுச் சாம்பாரிலும் அவற்றின் உழைப்பு இருக்கிறது.

நல்லொழுக்கம்

காட்சியும் ஞானமும் வந்தபின் ஒழுக்கம் வரவேண்டும். ஆனால் என் கதையில் ஒழுக்கத்துக்கு முன் ஒரு குற்றம் வந்தது. அதை மறைத்துவிட்டு உங்களுக்கு உபதேசம் செய்ய என் மனம் ஒப்பவில்லை.

பேரனும் நானும் முதலில் கட்டிய வீடு பார்வைக்கு மிக அழகாக இருந்தது. பழைய மரப்பெட்டி ஒன்றுக்கு மஞ்சள் வண்ணம் பூசினோம். குளிர்பானம் பருகும் நெகிழிக் குழல்களை வெட்டி அடுக்கினோம். மாமரக் கிளையில் கயிறு கட்டி ஊஞ்சல்போல் தொங்கவிட்டோம். பார்த்தவர் எல்லாரும் "பிரமாதம்!" என்றனர். ஆவணியில் இலைவெட்டித் தேனீக்கள் வந்தன. ஒன்பது குழல்களின் வாயில் பச்சை இலையால் அடைபட்டது. எங்கள் மகிழ்ச்சிக்கு அளவில்லை.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியது. பெட்டிக்கு முன்னே நீட்டிய கூரை இல்லை. சாரல் நேரே உள்ளே அடித்தது. காற்றில் பெட்டி இரவெல்லாம் ஆடியது. நெகிழிக் குழல் ஈரத்தை உறிஞ்சாது, வெளியேயும் விடாது. இவற்றையெல்லாம் நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். தைப் பொங்கலுக்கு வந்த பேரன், "ஏன் பாட்டி இன்னும் ஒன்றுமே வெளியே வரவில்லை?" என்று கேட்டபோதுதான் குழல்களைப் பிரித்தோம். ஏழு குழல்களில் வெண்பூஞ்சை படர்ந்திருந்தது. உள்ளே இருந்த புழுக்கள் அனைத்தும் மடிந்திருந்தன. பேரன் ஒன்றும் பேசவில்லை. அவன் பேசாதிருந்தது என்னை வருத்தியது.

தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறுகையில், பிரமாதத்தால் உயிரைப் போக்குதல் என்று வரையறுக்கிறது. பிரமாதம் என்றால் அசட்டை, கருத்தின்மை. அன்றாடப் பேச்சில் நாம் அச்சொல்லை மிகச் சிறப்பு என்னும் பொருளில் வழங்குகிறோம். என் தேனீ வீட்டைப் பார்த்து ஊரார் சொன்ன சொல் பொய்யாகவில்லை. நூலோர் கொண்ட பொருளில் அது பிரமாதமாகவே முடிந்தது. கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வாருங்கள் என்று அழைத்துவிட்டுக் கவனியாமல் விட்டேன். வீடு இல்லாதிருந்தால் அத்தாய்த் தேனீக்கள் வேறு எங்கேனும் நல்ல துளை தேடியிருக்கும். அழைத்து இடங்கொடுத்துக் கைவிடுதல், இடங்கொடாமையினும் கொடிது என்பதை அறுபது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டேன்.

இனித் தேனீ வீடு கட்டுவதையே விட்டுவிடலாமா என்று எண்ணினேன். அப்போது எங்கள் தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கும் தச்சர் சொன்னார்: "அம்மா, வீடு தப்பில்லை, கட்டின விதம்தான் தப்பு. கிளையில் வேண்டாம், சுவரில் வையுங்கள்." அவர் துணையோடு மாசியில் கட்டிய இரண்டாம் வீட்டின் முறையை உங்களுக்குச் சொல்கிறேன். விரும்புவோர் குறித்துக்கொள்ளலாம்.

ஒன்று, குழல். கூடை முடைவோரிடம் கழிவாகக் கிடக்கும் உலர்ந்த மெல்லிய மூங்கில் போதும். பச்சை மூங்கிலை வெட்டுவானேன்? உட்துளை 4 மில்லிமீட்டர் முதல் 8 மில்லிமீட்டர் வரை கலந்து இருக்கட்டும். தச்சுத் தேனீக்காக 12 மில்லிமீட்டர் அளவில் இரண்டு மூன்று சேர்க்கலாம். நீளம் 15 சென்டிமீட்டருக்குக் குறையாதிருத்தல் வேண்டும். தாய்த் தேனீ பெண்ணாகப் போகும் முட்டையைக் குழலின் உட்புறத்திலும், ஆணாகப் போவதை வாயிலருகிலும் இடும். குழல் குட்டையானால் பெண் பிள்ளைக்கு இடமிராது. கணுவை ஒட்டி அறுத்தால் பின்புறம் இயல்பாகவே மூடியிருக்கும். அறுக்குமுன் உள்ளே ஏதேனும் உயிர் குடியிருக்கிறதா என்று பாருங்கள். அறுத்தபின் வாயிலை உப்புத்தாளால் தேயுங்கள். ஒரு சிறு சிலாம்பும் மெல்லிய சிறகைக் கிழித்துவிடும்.

இரண்டு, பெட்டி. வண்ணமோ வார்னிஷோ கரையான் மருந்தோ படாத பழைய பலகை. 20 சென்டிமீட்டர் ஆழம். உள்ளே 25 குழல்கள் ஆடாமல் இறுக அடுக்கினால் போதும். மேலே நாட்டு ஓடு ஒன்றை 5 சென்டிமீட்டர் முன்னே நீளுமாறு சாய்த்து வையுங்கள். குழல்கள் வாயிலை நோக்கி இம்மியளவு தாழ்ந்திருந்தால் உள்ளே நீர் தேங்காது.

மூன்று, இடம். தாழ்வாரத்தின் கீழ், கிழக்கு நோக்கிய சுவரில், ஆள் மார்பளவு உயரத்தில் ஆணியறைந்து பொருத்துங்கள். காலை இளவெயில் படவேண்டும். நம் ஊர்ச் சித்திரை நண்பகல் வெயில் படலாகாது. எறும்புச் சாரி இல்லாத சுவராகத் தேர்ந்துகொண்டால், பின்னர் எறும்பை விலக்கும் பாவமும் நேராது. மழைக்காலத்தில் நம் முனிவர்கள் ஓரிடத்தில் தங்கிச் சாதுர்மாசம் நோற்பதுபோல, இவ்வீடும் ஒருமுறை வைத்த இடத்தைவிட்டு அசையலாகாது. தாய்த் தேனீ இடத்தை அடையாளம் கண்டு திரும்புவது. பெட்டியை நகர்த்தினால் வழிதவறிப் போகும்.

நான்கு, சுற்றம். வீடு மட்டும் கட்டிச் சோறு போடாமலிருப்பது விருந்தோம்பல் ஆகாது. துளசி, தும்பை, துவரை, ஆவாரை என ஏதேனும் ஒன்று ஆண்டு முழுதும் பூத்திருக்கட்டும். தோட்டத்தின் ஒரு மூலையைத் தளம் போடாமல் வெறும் மண்ணாக விடுங்கள். அது நீலப்பட்டைத் தேனீயின் மனை. பூச்சிக்கொல்லியை அறவே விடுங்கள். தேனீக்களுக்கு ஏற்படும் கேடு கருதி, மூன்று நியோனிகோட்டினாய்டு மருந்துகளைத் திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை விதித்தது. நம் தோட்டத்துக்கு அப்படியொரு சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம் விரதமே சட்டம்.

ஐந்து, பேணுதல். இதுவே தலையாயது. பெரிய வீடாகக் கட்ட ஆசைப்படாதீர்கள். நெருங்கி வாழும் இடத்தில் நோயும் சிற்றுண்ணியும் எளிதில் பரவும். 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்துப் பைப்புழு நோய் என்னும் நச்சுயிரி நோயால் தென்னிந்தியாவின் தேனீப் பெட்டிகள் பேரளவில் காலியானதைத் தேனீ வளர்ப்போர் இன்றும் மறந்திலர். ஆகவே நூறு குழல் கொண்ட ஒரு மாளிகையைவிட, நான்கு தெருக்களில் நான்கு சிறு குடில்களே நல்லவை. ஈராண்டுக்கு ஒருமுறை குழல்களை மாற்றுங்கள். பழையவற்றை எரிக்க வேண்டா. உள்ளே எவரேனும் உறங்கலாம். ஒளி புகாத ஒரு பெட்டியில் அவற்றை இட்டு, ஒரே ஒரு சிறு துளை விட்டு வைத்தால், உள்ளே இருப்பவை ஒளியை நோக்கி வெளியேறிவிடும். மீண்டும் அப்பழங்குழலில் முட்டையிடப் பெரும்பாலும் புகா.

இவ்விடத்தில் ஓர் உண்மையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தேனீக்காகக் கட்டிய வீட்டில் தேனீ மட்டுமே வரும் என்பதற்கு உறுதியில்லை. கனடாவின் டொராண்டோ நகரில் ஏறத்தாழ 600 தேனீ இல்லங்களை மூன்று ஆண்டுகள் ஆராய்ந்து 2015இல் வெளியிட்டனர். ஆண்டுதோறும் அவற்றுள் ஏறத்தாழ முக்கால் பங்கில் குளவிகளும் குடியேறியிருந்தன. என் வீட்டிலும் அப்படியே. வாயிலைப் பார்த்தே குடியிருப்பவர் யார் என அறியலாம். இலை அடைப்பு என்றால் இலைவெட்டித் தேனீ; பிசின் அடைப்பு என்றால் பிசின் தேனீ; மண் அடைப்பு என்றால் அனேகமாகக் குளவி. குளவியோ கம்பளிப்புழுவையும் சிலந்தியையும் கொட்டி மயக்கிக் கொண்டுவந்து தன் குஞ்சுக்கு உணவாக வைப்பது.

என் வீட்டில் அது நடக்கிறதே என்று பலநாள் கலங்கினேன். குளவியின் குழலைப் பிடுங்கி எறியலாமா? எறிந்தால் குளவிக் குஞ்சு மடியும். விட்டால் புழு மடியும். முடிவில் நான் செய்தது இதுதான்: வீட்டைத் திறந்துவைப்பது என் கடன், வந்தவரை வாயிலில் நிறுத்தித் தீர்ப்புக் கூறுவது என் கடனன்று. ஒவ்வோர் உயிரும் தன் வினைவழியே வாழ்கிறது. நான் இதனைச் சரியென்று துணிந்து கூறவில்லை. முனிவர்கள் வரும்போது கேட்டுத் தெளிய வேண்டிய ஐயமாகவே என் மனத்தில் வைத்திருக்கிறேன்.

நிறைவாக

நம் ஊர் பட்டுக்குப் பேர் பெற்றது. பலர் வீட்டில் அடுப்பு எரிவதும் அதனால்தான். அந்துப்பூச்சி வெளிவந்தால் இழை அறுபடும் என்பதற்காகக் கூட்டுக்குள்ளேயே அதன் உயிரைப் போக்கி, வெந்நீரிலிட்டு நூலை எடுக்கின்றனர் என்பதும், ஒரு சேலைக்கு அத்தகைய கூடுகள் ஆயிரக்கணக்கில் வேண்டும் என்பதும் நாம் அறிந்தவை. என் திருமணச் சேலையும் அப்படி நெய்ததே. அதனை நான் மறைக்கவில்லை. ஆனால் ஒரு செய்தியைச் சொல்கிறேன். இலைவெட்டித் தேனீயின் புழுவும், வளர்ந்தவுடன், இலைக்கிண்ணத்துக்குள் தன்னைச் சுற்றிப் பட்டிழையால் கூடு நூற்கிறது. காஞ்சியில், என் தாழ்வாரத்துச் சுவரில், எவரும் கொதிநீரில் இடாத சில பட்டுக்கூடுகள் இருக்கின்றன. அதை நினைக்கும்போதெல்லாம் என் மனத்துக்கு ஒரு சிறு ஆறுதல்.

சென்ற ஆண்டு ஆனியில் இரண்டாம் வீட்டின் முதல் குழல் அடைபட்டது. ஆடியில் ஒரு நாள் காலை, பூசைக்குத் துளசி பறிக்கப் போனபோது, ஓர் இலை அடைப்பின் நடுவில் கடுகளவு துளை தெரிந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். துளை பெரிதாயிற்று, ஒரு சிறு முகம் எட்டிப் பார்த்தது. வெயிலில் சற்று நேரம் இருந்து சிறகை உலர்த்திக்கொண்டு பறந்து போயிற்று. அது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் அதற்கில்லை. உடனே பேரனைத் தொலைபேசியில் அழைத்தேன். "வந்துவிட்டது அப்பா" என்று மட்டும் சொன்னேன். அவனுக்கு விளங்கிவிட்டது.

திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் கோயிலுக்கு நாம் அனைவரும் செல்கிறோம். விசயநகர அமைச்சர் இருகப்பர் 1387–88இல் எழுப்பிய சங்கீத மண்டபத்தின் விதானத்தில் நேமிநாதர் வரலாறும் ஓவியமாக உள்ளது. தம் மணவிருந்துக்காக அடைத்து வைத்த விலங்குகளின் அழுகுரல் கேட்டு மணத்தையே துறந்தவர் அவர். அவர் செவியில் விழுந்தது அடைபட்ட உயிரின் குரல். நாம் கட்டும் தேனீ வீட்டுக்குக் கதவு கிடையாது என்பதை அங்கே நிற்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள். வருவதும் போவதும் அவற்றின் விருப்பம். நாம் எதையும் அடைப்பதில்லை, எதையும் எடுப்பதில்லை.

நம் அறநூல்கள் தானத்தை நான்காக வகுக்கும்: உணவு, மருந்து, நூல், அபயம். முதல் மூன்றும் நம் அறக்கட்டளையில் சிறப்பாக நடைபெறுகின்றன. நான்காவதாகிய அபயதானம், அஞ்சிய உயிருக்கு அடைக்கலம் தருவது. தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் 'அஞ்சினான் புகலிடம்' என்றொரு தொடர் உண்டு; ஜம்பைப் பகுதியில் சமணப் பள்ளியைச் சார்ந்தும் அத்தகைய அடைக்கல இடம் இருந்தது. அதற்குப் பெரும்பள்ளி வேண்டும், மன்னன் ஆணை வேண்டும் என்று எண்ணாதீர்கள். 25 மூங்கில் குழலும் ஒரு நாட்டு ஓடும் போதும். அதன்பின் ஆண்டுதோறும் மறவாத கவனம் வேண்டும். கவனம் தர இயலாதவர் தயவுசெய்து கட்ட வேண்டா. மண்ணில் ஒரு மூலையை அப்படியே விட்டுவைத்தாலும் அறமே.

தமிழாசிரியை ஆகையால் ஒரு சொல்லோடு முடிக்கிறேன். தச்சர் பலகையில் துளையிடும் கருவியைத் தமரூசி என்பர். தமர் என்ற சொல்லுக்குத் துளை என்றும் பொருள். உறவினர், தம்மவர் என்றும் பொருள். இரண்டும் வெவ்வேறு சொற்கள் என்பதை நான் அறிவேன். ஆயினும் இந்த மூங்கில் துளையைப் பார்க்கும்போது அவை ஒன்றாகிவிடுகின்றன. தமரில் வந்து தங்கியவை எனக்குத் தமராயின.

"தேன் எடுப்பதற்காகத்தான் வீடு கட்ட வேண்டுமா?" என்று கேட்ட பேரனுக்கு இப்போது என்னிடம் விடை உண்டு. இல்லை அப்பா, எடுக்காமல் இருப்பதற்காகவும் கட்டலாம். எடுத்துவிட்டதைத் திருப்பிக் கொடுப்பதற்காகவும் கட்டலாம்.

எல்லா உயிர்களும் அச்சமின்றி வாழ்க! அறம் வளர்க! ஜெய் ஜினேந்திரா.